சென்சஸுக்கு முந்திய வெள்ளிக்கிழமை

பள்ளிக்கூட ஒஃபிஸில் வேலை செய்பவர்களுக்கு ஒக்டோபர் மாதத்தில் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் சென்சஸ் வியாழன்தான் பயமான நாள். அன்று பதிவில் உள்ள பிள்ளைகளின் தொகையை வைத்துத்தான் அடுத்த வருடத்துக்கான நிதி வரும். மறுநாள் வந்து சேரும் பிள்ளைக்கும் ஆசிரியர் வேண்டும், மேசை வேண்டும். நிதி மட்டும் வராது.

ஈஸ்ட் ஹாமில் ஒரு பிரைமரி ஸ்கூலில் நான் ஒஃபிஸ் மனேஜராக இருந்தேன். வாடகை கொடுக்க முடியாமல் குடும்பங்கள் லண்டனை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். தொகை இன்னும் குறைந்தால் இயர் வன் என்ற முதலாம் ஆண்டின் இரண்டு வகுப்புகளையும் ஒன்றாக்கி, உதவி ஆசிரியர் ஒருவரை நிறுத்த வேண்டிவரும் என்று ஹெட் டீச்சர் சொல்லியிருந்தார். அந்த ஒருவர் ரஜனி. கடைசியாகச் சேர்ந்தவர். மத்தியானத்தில் என்னோடு சாப்பிடுகிறவர்.

சென்சஸுக்கு முந்திய வெள்ளிக்கிழமை சுதா என்ற தாய் வந்தார். மகள் ஆரணியோடு ஒற்றை அறையில் இருந்தவருக்குக் கவுன்சில் கென்ட் பக்கம் வீடு கொடுத்துவிட்டது. அங்கே பள்ளிக்கூடமும் கிடைத்துவிட்டது, திங்களே சேரலாம். ஆரணி வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. ரஜனியோடு மட்டும் இரண்டொரு சொல் பேசுவாள்.

வியாழன் வரை இங்கே வந்துவிட்டு வெள்ளி அங்கே சேர முடியுமா என்று தமிழில் கேட்டுப் பார்க்கும்படி ஹெட் டீச்சர் என்னிடம் சொன்னார். அவர் கெட்டவரல்ல. ஒருவருடைய வேலையைக் காப்பாற்றப் பார்த்தார். நானும் கேட்டேன்.

சுதா சொன்னார்: "நீங்கள் கேட்டால் வருவன் அக்கா. இந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்குச் செய்தது கொஞ்சமில்லை. ஆனா இருட்டோடை எழுப்பி ரெயினிலை கொண்டுவரோணும். அவளுக்கு ரெயினிலை தலை சுத்திச் சத்தி வாறது."

அவரை இருக்கச் சொல்லிவிட்டு ரஜனியிடம் போய், அவருடைய வேலை இதில் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

ரஜனி கைகளைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "திங்களே போகட்டும். வெள்ளி ஒரு நாள் போய், ரெண்டு நாள் வீட்டிலை நிண்டால், அவளுக்குத் திங்கள் திரும்பவும் முதல் நாள்தான். அந்தப் பள்ளிக்கூடத்து நம்பரைத் தாங்கோ."

என் மேசையிலிருந்தே அங்குள்ள ஆசிரியரோடு பேசினார். பிள்ளையிடம் கேள்வி கேட்க வேண்டாம், பக்கத்தில் இருந்து படம் கீறுங்கள், அவளாகப் பேசுவாள் என்று பொறுமையாகச் சொன்னார். ஹெட் டீச்சர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் அறைக்குப் போனார்.

ஆரணி திங்களே அங்கே சேர்ந்தாள். அந்தப் பள்ளித் தவணையில் வேறு பிள்ளைகளும் போனார்கள். மறு வருடம் வகுப்புகள் ஒன்றாகின. ரஜனிக்கு வெம்பிளியில் வேலை கிடைத்தது. லண்டனைக் குறுக்கே கடந்து போய்வர வேண்டும்.

அவர் விலகும் கிழமை சுதா எனக்கு ஃபோன் எடுத்தார். ஆரணி இப்போது வகுப்பில் கையை உயர்த்திப் பதில் சொல்கிறாளாம். சுவரிலிருந்து படங்களைக் கழற்றிக்கொண்டிருந்த ரஜனியிடம் சொன்னேன்.

"அப்ப சரி" என்றார். கழற்றிய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்.

இன்று அந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தொகையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையைப் பற்றி முடிவெடுக்குமுன், தினமும் அதன் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அவருடைய வேலையே அதில் போகும் என்றாலும் கேளுங்கள்.