மனேஜருக்குத் தமிழ் சொன்னவள்

ஸ்காபரோவில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் அமெரிக்கக் கம்பனி ஒன்றில் யூஜினி ஆறு வருடம் வேலை செய்தாள். இருநூறு பேரில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துப் பெண்கள். யூஜினிக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால், லீவுக் கடிதம் எழுதுவதற்கும் டொக்டருக்கு ஃபோன் எடுப்பதற்கும் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள்.

1996 மாசியில், பக்கத்து மெசினில் இருந்த அன்ரனெற்றின் விரலை ஊசி துளைத்து மறுபக்கம் வந்தது. சூப்பர்வைசர் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, அவளைத் திரும்பவும் மெசினில் இருத்தினான். விபத்தென்று எங்கும் பதியவில்லை. அந்தக் கிழமையே யூனியன் பேச்சு எழும்பியது. துணி வெட்டும் பகுதியில் இருந்த அருள்நாயகம் யூனியனில் சேரக் கையெழுத்து வைக்கும் கார்ட்டுகளை வீடு வீடாகக் கொண்டு திரிந்தார். யூஜினி கையெழுத்து வைத்தாள். அன்ரனெற்றுக்கும் வாசித்து விளங்கப்படுத்தி வைக்கச் செய்தாள்.

யூனியன் வேண்டுமா என்ற வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முந்தி மனேஜர் அவளைக் கூப்பிட்டார். எல்லாரையும் கன்ரீனில் கூட்டிப் பேசப் போவதாகவும், அதைத் தமிழில் சொல்ல அவள் வேண்டுமென்றும் சொன்னார். கொழும்பில் லொட்ஜில் காத்திருந்த அவளுடைய தாயை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடத் தேவையான வேலைக் கடிதம் அவருடைய மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. யூஜினி தலையாட்டினாள்.

வக்கீல் எழுதிக்கொடுத்ததை மனேஜர் பார்த்து வாசித்தார். கம்பனிக்கு எல்லை தாண்டித் தெற்கிலும் தொழிற்சாலைகள் உண்டு, எதிர்காலத்தை எவராலும் உறுதிப்படுத்த முடியாது என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்பது யூஜினிக்கு நன்றாக விளங்கியது. இருநூறு முகங்களும் அவளையே பார்த்தன.

"யூனியன் வந்தா கம்பனியைப் பூட்டிப்போடுவினமாம்," என்றாள்.

பின்னால் நின்றவர்கள் அதையே ஒருவருக்கொருவர் திருப்பிச் சொன்னார்கள்.

எண்பத்தெட்டுக்கு நூற்றுமூன்று. யூனியன் தோற்றது. பயமுறுத்தி வாக்கை மாற்றினார்கள் என்று யூனியன் அரசாங்கத் தொழில் சபையில் முறைப்பாடு செய்தது. மனேஜர் வாசித்த தாளைக் கம்பனி நீட்டியது. பூட்டுவதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. அது மொழிபெயர்த்தவரின் சொந்தச் சொல் என்றார்கள். முறைப்பாடு தள்ளுபடியானது.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீர்?" அருள்நாயகம் கேட்டார்.

"அதுக்கு அர்த்தம் அதுதானே அண்ணை."

"அர்த்தம் எனக்கும் தெரியும். பேப்பரில இல்லையே."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடிதம் கைக்கு வந்தது. ஆனால் தாயின் விசா இழுபட்டுக்கொண்டே போனது.

அடுத்த வருடம் ஆடியில் கம்பனி எல்லாவற்றையும் தெற்குக்குக் கொண்டுபோனது. கடைசி நாள் மெசின்களைக் கழற்றி லொறியில் ஏற்றும்போது, யூஜினியும் அன்ரனெற்றும் பஸ் தரிப்பில் நின்று பார்த்தார்கள்.

"அந்தக் கார்ட்டில நாங்கள் சைன் வைச்சிருக்கக்கூடாது, என்ன?" அன்ரனெற் கேட்டாள். "அவங்களுக்கு அந்தக் கோபம்தான்."

அப்படியில்லை, எப்படியும் போயிருப்பார்கள் என்று சொல்ல யூஜினி வாயெடுத்தாள். இந்த முறை அதை எந்தத் தமிழில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ் வந்தது. அன்ரனெற் முதலில் ஏறினாள்.