தளத்துக்கு ஒரு சாவி

என் மேசைமேல் மூலை உடைந்த, தரையில் பதிக்கும் வெள்ளைப் பீங்கான் வில்லை ஒன்று இருக்கிறது. காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன் என்று உடன் வேலை செய்யும் ஆசிரியைகளிடம் சொல்லி வந்தேன். அதன் அடியில் ஒரு விரற்கடை கனத்துக்குச் சிமிட்டிக் கலவை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கலவையின் அடிப்புறத்தைத் தடவினால் கண்ணாடிபோல் வழுக்கும். அந்த வழுவழுப்பு என் அப்பாவின் கைவேலை.

அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கற்றவள் நான். அதை நானும் மறக்கவில்லை, மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை. மோகனூரில் ஒரு பண்ணைக்காரர் வீட்டுக் குளியலறைக்கு அப்பாதான் சிமிட்டித் தளம் போட்டுக் கொடுத்தார். அதுவரை சுண்ணாம்பிலேயே பழகிய கை. கரண்டியால் இழுத்து இழுத்து, முகம் தெரியும்படி மெருகேற்றியிருந்தார். இரண்டு வருஷம் கழித்து, சென்னைக்குப் போய்வந்த பண்ணைக்காரர் அந்தத் தளத்தின்மேல் பீங்கான் பதிக்க ஆசைப்பட்டார். வைக்கோல் அடைத்த மரப்பெட்டிகள் வந்திறங்கின. ஒன்றுக்குள் இங்கிலீஷில் அச்சடித்த தாள் இருந்தது.

அதைப் படித்துச் சொல்ல அப்பா என்னை அழைத்துப் போனார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பண்ணைக்காரரும் அவர் மனைவியும் வேலையாட்களும் சுற்றி நின்றார்கள்.

"கொத்தனாரு புள்ள இங்கிலீசு படிக்குதாமா? எங்க, படி கண்ணு, கேப்போம்" என்று பண்ணைக்காரம்மா சிரித்தார்.

சத்தமாகப் படித்தேன். வில்லைகளைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்பது புரிந்தது. அடுத்த வரி, பழைய தளத்துக்கு முதலில் நல்ல 'கீ' கொடுக்க வேண்டும் என்றது. கீ என்றால் சாவி. முதல் வருஷப் பாடத்திலேயே வரும் சொல். தளத்துக்கு எதற்குச் சாவி? தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்புக்கு எதிரே நின்றுகொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வேலைக்கு முன்னாடி அறையைப் பூட்டிச் சாவியை எடுத்து வெச்சரோணுமாமுங்க. ஆரும் உள்ள நடக்கப்படாதாமுங்க" என்றேன்.

அப்பா கையில் உளியும் சுத்தியலும் இருந்தன. "மேல கொத்தி உட வேண்டாமா சாமி? இந்த வழுவழுப்புல எப்படிப் புடிக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

மறுபடியும் தாளைப் பார்த்தேன். "கொத்தறதுன்னு இதுல ஒரு வார்த்தைகூட இல்லீங்கப்பா." எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

அப்பா உளியைப் பைக்குள் போட்டார். "அச்சுல இருக்கறதை விடவா எனக்குத் தெரிஞ்சுரப் போவுது!" என்று பண்ணைக்காரரைப் பார்த்துச் சொன்னார். முகமெல்லாம் பெருமை. நான்கு நாள் அந்த அறை பூட்டிக் கிடந்தது. சாவி பண்ணைக்காரம்மாவின் இடுப்பில் தொங்கியது. பிறகு அப்பா அந்த வழுவழுப்பின் மேலேயே வில்லைகளைப் பதித்தார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் வில்லைகள் அடியிலிருந்த கலவையோடு பெயர்ந்துவிட்டன. பண்ணைக்காரர் அப்பாவை வாசலிலேயே நிறுத்தினார். "ஏப்பா, சுண்ணாம்பு கொழச்ச கைக்குச் சிமிட்டி படியுமா? உன்னைக் கூப்புட்ட என்னைச் சொல்லோணும். சேலத்துலருந்து ஆளு வருது, நீ ஊட்டுக்குப் போ."

"சரிங்க" என்றார் அப்பா. என் பெயரை எடுக்கவில்லை. கூடப் போயிருந்த நான், அவர்கள் கொல்லையில் கொட்டியிருந்த உடைசலிலிருந்து ஒரு வில்லையைத் தாவணிக்குள் மறைத்து எடுத்துவந்தேன். எதற்கென்று அன்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அதன்பின் அப்பா எந்தத் தளத்துக்கும் கரண்டி பிடிக்கவில்லை. தேடி வந்து கூப்பிட்டவர்களிடமும் "நமக்கு அது வராதுங்க" என்றுவிட்டு, மதில் சுவர், கிணற்றுச் சுவர் என்று போனார். நான் தாளை ஊகித்துப் படித்தது அவருக்குத் தெரியும், என் மானத்தைக் காக்கத்தான் வாய் திறக்காமலிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது.

போன வருஷம் நான் வேலை பார்க்கும் பள்ளி விடுதியின் குளியலறையில் பீங்கான் பதித்தார்கள். மேற்பார்க்க வந்த ஓவர்சியர், "தரைக்குக் கீ கொடுத்தாச்சா?" என்று கேட்டார். "நேத்தே கொத்தி உட்டுட்டனுங்க" என்றார் அங்கே வேலை செய்த கொத்தனார். எட்டிப் பார்த்தேன். தரை முழுவதும் உளி விழுந்த புள்ளிகள், அம்மைத் தழும்புபோல. வகுப்பு மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை.

அந்த வாரமே ஊருக்குப் போய் அப்பாவிடம் வில்லையைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, அந்தத் தாளும் கொத்தத்தான் சொல்லுச்சா?"

"ஆமாங்கப்பா. நாந்தான் தெரியாமச் சொல்லிப்போட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வில்லையைத் திருப்பி, அடிப்புறத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"கலவையிலதான் குத்தம்னு இருந்தேன். இத்தனை வருசமும் எங்கை ஆகாத கையின்னே நெனச்சுப்போட்டனே, சாமி."

அவர் என்னைக் காக்கவில்லை. என்னை நம்பியிருந்தார், அவ்வளவுதான். இன்று தளம் போடக் கூப்பிட்டாலும் அவரால் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. முழங்கால் மடங்குவதில்லை.

வில்லை மறுபடியும் என் மேசைக்கு வந்துவிட்டது. பீங்கான் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்திருக்கிறேன். அது என்ன என்று கேட்பவர்களிடம், என் அப்பா போட்ட தளத்தின் அச்சு என்கிறேன். ஏன் பெயர்ந்தது என்று கேட்டால், அதையும் சொல்கிறேன்.