இரண்டு பந்தியில் ஒரு ஜெர்மன்காரர்

போன வாரம் எங்கள் ஃப்ளாட்டுக்குச் சாப்பிட வந்த ஜெர்மன்காரர், ரசத்தை ஸ்பூனால் கிண்டிக்கொண்டே அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். காரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை... வேலை போகப்போகிறதாம்!

பெயர் ஓட்டோ. நான் 'ஆட்டோ' என்பேன், கோபிக்கமாட்டார். பிசிக்ஸ் புரொஃபசர். என் பெரியம்மா பையன் ராமு அண்ணா அவர் லேபில்தான் ஆராய்ச்சி செய்கிறான். இந்த வெளிநாட்டு ஊரில் கோட்-டெ-நெய்ஜ் என்ற பேட்டையில், அண்ணாவின் ஃப்ளாட்டில் நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பகலில் தெருமுனையில் டெப்பனர் என்கிற பெட்டிக்கடையில் பால், சிகரெட் விற்கிறேன்.

ஓட்டோவின் ஆராய்ச்சி எதில்? செல்லில். முதலில் இதைக் கேள்விப்பட்டபோது, என் டிரான்சிஸ்டரில் செத்துப்போன செல்களை அவருக்குக் கொடுத்தனுப்பினேன்.

"டேய் மண்டு!" என்றான் அண்ணா. "அது பாட்டரி. இது உடம்புல இருக்கற செல். மெல்லிசான கண்ணாடிக் குழாயால ஒண்ணைப் பிடிச்சு இழுப்பார். எவ்ளோ நீளுது, விட்டா எப்படிச் சுருங்குதுன்னு பார்ப்பார். ரப்பரையும் அப்படித்தான் இழுக்கறார்."

"பாவம்ணா. செவனேன்னு இருந்ததைப் போய் ஏன் இழுக்கணும்?"

சிக்கல் இதுதான். கோடையோடு ஓட்டோவின் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரம் ஆக்காவிட்டால் மூட்டை கட்டவேண்டும். லேபை மூடிவிடுவார்கள் — ராமு அண்ணாவும் அம்போ. ஆனால் பிசிக்ஸ்காரர்கள், "உயிருள்ளதைத் தொடுகிறாய், பயாலஜிக்குப் போ" என்கிறார்கள். பயாலஜிக்காரர்களோ, "ஒரே கணக்காக இருக்கிறது, பிசிக்ஸுக்குப் போ" என்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரண்டு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கப்போகின்றன — நீ யார்?

"என்ன சொல்லப்போறீங்க?" என்றேன், என் ஓட்டை இங்கிலீஷில்.

நீளமாக ஒரு பதில் வைத்திருந்தார். அவர் முடிப்பதற்குள் ரசம் ஆறிவிட்டது.

"ஆட்டோ சார், எங்க ஊர்ல கூப்பிடாமயே கல்யாணத்துல சாப்பிடலாம். பொண்ணு வீட்டுக்காரங்க எதிர்ல மாப்பிள்ளை வீட்டு ஆளு மாதிரி நிக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா, பொண்ணு வீட்டு ஆளு. ரெண்டு பக்கமும் விழுந்து விழுந்து கவனிப்பாங்க. யாருன்னு மட்டும் வாயத் திறந்து சொல்லிடக்கூடாது."

"டேய், என் மானத்தை வாங்காதே!" என்று அண்ணா தலையில் அடித்துக்கொண்டான்.

ஓட்டோ சிரிக்கவில்லை. "இனிப்பும் கிடைக்குமா?" என்று சீரியஸாகக் கேட்டார்.

"ரெண்டு பந்தியிலயும்!"

வெள்ளிக்கிழமை நடந்ததை அண்ணா வந்து சொன்னான். 'நீ யார்' என்ற கேள்விக்கு ஓட்டோ பதிலே சொல்லவில்லையாம். பிசிக்ஸ்காரர்களைப் பார்த்து, "பயாலஜியில் இதற்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது" என்றாராம். பயாலஜிக்காரர்களைப் பார்த்து, "பிசிக்ஸில் இதற்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது" என்றாராம். அவ்வளவுதான்... அதுவரை தள்ளிவிட்டவர்கள், "எங்களுக்குத்தான் வேண்டும்" என்று மல்லுக்கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்!

எதிர்வீட்டுக்காரன் கேட்கிறான் என்று தெரிந்தால்தானே நமக்கு ஒரு பொருளின் அருமை தெரிகிறது? எத்தனை பட்டம் வாங்கினாலும் இது மட்டும் மாறுவதில்லை.

முடிவு? நிரந்தர வேலை! பாதிச் சம்பளம் இங்கே, பாதி அங்கே.

நேற்று ஓட்டோ கடைக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகம் மட்டும் வாடியிருந்தது. இரண்டு டிபார்ட்மென்ட்டுக்கும் திங்கள்கிழமை ஒரே நேரத்தில் மீட்டிங்காம்.

"யோசனை சொன்னவன் நீதானே? ஒன்றுக்கு நீயே போய்விடு" என்றார்.

பிசிக்ஸில் பெயிலாகிக் காலேஜை விட்டவன் நான்... அதனால் பயாலஜி மீட்டிங்குக்குப் போகலாம் என்றிருக்கிறேன்!