பிரேக்கை விட்டு எடுக்காத கால்

அந்தப் பேருந்து ஓட்டுநருக்குத் தான் ஓட்டாத வண்டியில் பொட்டுத் தூக்கம் வராது. மைத்துனன் காரில் ஏறினால் வலது கால் தரையை அமுக்கும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அமுக்கும். மேசைக்கடியில் தரை தேய்ந்து, பூனை படுக்கிற அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. பூனை படுத்ததுதான் கட்டுக்கதை, குழி நிஜம். டிப்போவில் அவருக்குப் பெயரே ‘பிரேக்கு’.

அவருக்குப் பெருங்குடலில் புற்றுக்கட்டி. வெட்டியெடுத்தால் பிழைக்கலாம் என்றார்கள். கத்திக்கு அவர் அசரவில்லை; மயக்கம் என்றதும்தான் குலை நடுங்கியது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மயக்கமருந்து டாக்டரம்மா வந்து கேட்டார். “தூக்க மாத்திரை போடுற பழக்கம் உண்டாங்கய்யா?”

“சேச்சே!”

“இவரா? மாத்திரைன்னாலே பத்தடி தள்ளி நிப்பாரும்மா,” என்றாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவி, பெருமையாக.

உண்மையில் வருஷக்கணக்காக ஷேவிங் டப்பாவுக்குள் ஒளித்துவைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். ஒன்று போதாமல் இரண்டாகியிருந்தது. டிப்போவுக்குத் தெரிந்தால் ஸ்டியரிங் கைவிட்டுப் போகும்.

மறுநாள் ஆபரேஷன் அறையில் பதற்றம் தணிக்கும் ஊசி ஏறியது. சொக்கவேண்டிய மனிதர் திருதிருவென்று விழித்தார். அந்த மிஷின் ஏன் கத்துகிறது? கதவை ஏன் திறந்து திறந்து மூடுகிறார்கள்? போர்வைக்கடியில் வலது கால் அமுக்கோ அமுக்கென்று அமுக்கியது.

டாக்டரம்மா குனிந்தார். “ஐயா, இந்த மருந்துக்கு நீங்க இந்நேரம் கிறங்கியிருக்கணும். நேத்து கேட்டதுக்கு நிஜத்தைச் சொல்லுங்க. அளவு தப்பினா ஆபத்து உங்களுக்குத்தான்.”

“டிப்போவுக்கு எழுதுவீங்களா?”

“உங்க டிப்போ எந்தத் திசைன்னே எனக்குத் தெரியாது.”

“வீட்டுக்காரிகிட்ட?”

“அது உங்க பாடு.”

மாத்திரையின் பெயர், அளவு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டரம்மா உதவியாளரைக் கூப்பிட்டு மருந்தின் அளவை மாற்றினார்.

“ஒண்ணே ஒண்ணும்மா. முடியிற வரைக்கும் நீங்க தூங்கிற மாட்டீங்களே?”

“உங்க மூச்சைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன்.”

“போனு?”

“வெளிய வெச்சுட்டேன்.”

“அப்போ... ஹேண்ட் பிரேக்கை நீங்களே போட்டுக்குங்க,” என்று குழறினார். பாதம் பக்கவாட்டில் சாய்ந்தது.

கண் விழித்தபோது வார்டில் படுத்திருந்தார். கட்டி போயிருந்தது. எதிரே மனைவி, முகம் மழித்துவிடலாமென்று வீட்டிலிருந்து ஷேவிங் டப்பாவை எடுத்துவந்திருந்தாள். மூடி திறந்திருந்தது.

“பத்தடி தள்ளி நிக்கிறவரே, இது என்னது?”

போர்வைக்கடியில் வலது கால் மெல்ல அமுக்கத் தொடங்கியது.