கை காலியாக இருப்பவர்களுக்கான பாடம்

பதினோராவது தற்காப்பு வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடியும் நான்காவதற்குப் போகிறாள். அதில் கறுப்பு பனியன்காரர், மணிக்கட்டை யாராவது பிடித்தால் கட்டைவிரல் பக்கமாகத் திருகிக் கையை உருவிக்கொள்ளச் சொல்கிறார். பதினோராவது ஆள் அதைச் சுத்தத் தப்பு என்கிறார். உருவக்கூடாதாம், பிடித்தவனை நோக்கி ஓரடி உள்ளே போகவேண்டுமாம். ஏழாவதில் வரும் சிவப்பு உடுப்புப் பெண் முதலில் அடிவயிற்றிலிருந்து கத்தச் சொல்கிறாள். கத்தினால் எதிராளிக்கு வெறி ஏறும் என்கிறது எட்டாவது. கீழே கருத்துப் பகுதியில் ஒருவர், இந்தப் பாடம் என் உயிரைக் காப்பாற்றியது என்று நன்றி சொல்கிறார். அடுத்தவர், இதை நம்பினால் உயிர் போகும் என்கிறார்.

"இதுல யாரு சொல்றதுதான் சரி?" என்று பக்கத்தில் துணி மடிக்கும் நாத்தனாரைக் கேட்கிறாள்.

"என்னைக் கேட்டா? நான் பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கறவ, அண்ணி. அங்க யாரு கையைப் பிடிச்சாலும் பயத்துலதான் பிடிப்பாங்க."

அண்ணிக்கு வேலை வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது. காலை ஆறு மணிக்குத் தோளில் பையும் கையில் குளிர்பெட்டியுமாகக் கிளம்பினால், பத்து மணிக்குள் பன்னிரண்டு கதவுகள். குழந்தைகள் வைத்த பெயர் வலிக்காத அக்கா. லேபிலும் அதுவே நிலைத்துவிட்டது. பேருந்தில் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தை அவள் பார்ப்பதில்லை. முழங்கை மடிப்பைத்தான் பார்ப்பாள். "அந்த ஆளுக்குக் கண்ணை மூடிட்டே குத்தலாம்" என்று மெச்சுவாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும் இப்படித்தான் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அண்ணி மறுக்கவில்லை.

வீடியோ தேர்விலும் அதே அளவுகோல்தான். சேமித்து வைத்த பதினெட்டு வாத்தியார்களில் கறுப்பு பனியன்காரர் முதலிடம் பிடித்ததற்குக் காரணம், முன்கையில் கயிறு மாதிரி புடைத்து ஓடும் நரம்பு. "இவ்வளவு நல்ல நரம்பு இருக்கறவர் தப்பாச் சொல்லமாட்டார்னு தோணுது." சொன்ன பிறகு அவளுக்கே அது நியாயமாகப் படவில்லை. பதினோராவது ஆளைத் திரும்ப ஓடவிடுகிறாள்.

இத்தனைக்கும் மூலம் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு வீடு. அங்கே இதய வியாதிக்காரம்மா ஒருவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்; செவ்வாய்தோறும் பரிசோதனை. ஊசி என்றால் கண்ணை இறுக மூடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். போன வாரம் ஊசி உள்ளே இருந்த நேரத்தில், அந்த அம்மாவின் மகன் பின்னால் வந்து நின்று இவள் தோளில் கை வைத்தான். நாற்பது வயது ஆள். போன் நம்பர் கேட்டான். கை கழுத்துப் பக்கம் நகர்ந்தது. அசைந்தால் அம்மாவின் நரம்பு கிழியும். குழாய் நிறையும்வரை அவள் அசையவில்லை.

அந்த வீட்டை விட்டுவிடும்படி நாத்தனார் மன்றாடிப் பார்த்துவிட்டாள். வேறு ஆள் போன ஒரே தடவை நாலு இடத்தில் குத்தி, அந்தக் கை பத்து நாள் நீலம் பாரித்துக் கிடந்தது. "அந்த அம்மாவோட கை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அண்ணி. லேப் மேலாளரிடம் சொல்லலாம்தான். இரண்டு முறை அவர் மேஜைவரை போய், பஞ்சு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

ஞாயிறு மதியம் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டுப் பயிற்சி. நாத்தனார் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தாள். அண்ணி கட்டைவிரல் பக்கம் திருகியிருக்கவேண்டும். அவளுடைய இன்னொரு கை தானாகப் போய்ப் பிடித்தவளின் முழங்கையை நீட்டி, இரண்டு விரலால் தட்டியது. "முஷ்டியை இறுக்குங்க. ஒண்ணுமில்ல, எறும்பு கடிக்கற மாதிரி இருக்கும்."

நாத்தனார் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி சிரிக்கவில்லை. போனை எடுத்து முதல் வீடியோவிலிருந்து வரிசையாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"பதினெட்டு பேருக்கும் கை காலியா இருக்கு, பாரு. எனக்கு ஒண்ணுல ஊசி, ஒண்ணுல குழாய். ரெண்டு கையும் வேலையா இருக்கறவங்களுக்கு ஒருத்தரும் பாடம் எடுக்கலையே."

அப்படியே தட்டச்சு செய்து தேடினாள். இரண்டு கையிலும் பை தூக்கினால் முதுகு வலிக்காமல் இருப்பது எப்படி என்று ஒரு வீடியோ வந்தது. அதையும் முழுக்கப் பார்த்தாள்.

செவ்வாய் வந்தது. கதவைத் திறந்தவன் மகன். அரை ஆள் நுழையும் இடம் மட்டும் விட்டு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, "வாங்க" என்றான். எந்தக் கால் முன்னால் இருக்கவேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. இடதை வைத்தாள், வலதை வைத்தாள். பதினெட்டு பேரும் மண்டைக்குள் ஒரே சமயத்தில் பேசினார்கள். வாய் மட்டும் பழகிய வேலைக் குரலில் நிதானமாக வந்தது.

"இதைக் கொஞ்சம் பிடிங்க. ரெண்டு கையாலயும்."

குளிர்பெட்டியை அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். நீட்டியதை வாங்குவது கைகளின் பழக்கம், வாங்கிவிட்டான். அவன் கையில் இருக்கும்போதே மூடியைத் திறந்தாள். உள்ளே குழாய்களில் ஒன்பது பேருடைய ரத்தம்.

"ஆட்டிடாதீங்க. ஆடினா வீணாயிடும், ஒன்பது பேருக்கும் மறுபடி குத்தணும். அங்கேயே நில்லுங்க."

அவன் உள்ளே பார்த்தான். பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவள் பக்கவாட்டில் நுழைந்து, அம்மாவின் எதிரில், இந்த முறை கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அந்த அம்மா கண்ணை மூடிச் சுவர்ப் பக்கம் திரும்பினார். ஒரே குத்து.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றான் அவன், வாசலிலிருந்து.

"மாத்திரை சாப்பிடறவங்க. ரத்தம் நிக்க அஞ்சு நிமிஷமாவது அழுத்திப் பிடிக்கணும்."

பஞ்சை அம்மாவையே அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, நிறைந்த குழாயுடன் வாசலுக்கு வந்தாள். அவன் முழங்கைகள் தளர ஆரம்பித்திருந்தன. குழாயை அதன் பொந்தில் பொருத்தினாள். பிறகு பெட்டியின் அடியில் ஒரு விரலைக் கொடுத்து, அதை அரைச் சாண் உயர்த்தி வைத்துவிட்டு, பஞ்சைப் பிடிக்க உள்ளே போனாள்.