கதவில் வைத்த கை

கதவுகள் மூடப்போவதைச் சொல்லும் மணியொலியை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு நிலையத்திலும் கேட்கிறேன். யாரும் தலை நிமிர்வதில்லை. நானும்தான். ஆனால் அது ஒலிக்கும்போதெல்லாம் அப்பாவின் வலது கை நினைவுக்கு வந்துவிடுகிறது.

இந்தப் புறநகருக்கு நான் வந்தபோது மெட்ரோ இல்லை. சாலை நடுவே தூண்களுக்குக் குழி தோண்டியிருந்தார்கள். தெருமுனைப் பேருந்தின் நடத்துனருக்கு என் முகம் தெரியும். நான் ஓடிவருவதைப் பார்த்தால் விசில் ஊதாமல் காத்திருப்பார். “ஆபீசு உனக்கா எனக்காம்மா?” என்று திட்டிக்கொண்டே டிக்கெட் கிழிப்பார். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பேருந்து நின்றுபோனது. பூக்கடையும் பரோட்டாக் கடையும் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுந்தது. நிலையம் பக்கத்திலேயே வந்துவிட்டதென்று வாடகை ஏறியது. நான் இரண்டு நிலையம் தள்ளிப் போனேன். பயண நேரம் பாதியாகிவிட்டது என்கிறார்கள். மிச்சமான நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை. முன்னைவிடக் களைத்துத்தான் அறைக்குத் திரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை ஒருநாளும் ஒளித்ததில்லை. நான் ஒளித்தது அப்பாவை. அலுவலகத்தில் எதிர் மேசை அக்கா கேட்டபோது, ஜவ்வாது மலையில் எங்களுக்குப் பெரிய எஸ்டேட் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தேன். அப்பாவுக்கு இருந்தது சாமை விதைக்கும் ஒரு துண்டுச் சரிவு நிலம்.

ரயில் வந்த புதிதில் அதைப் பார்க்க அவர் எங்கள் மலையூரான நெல்லிவாசல்நாட்டிலிருந்து வந்தார். அங்கே ஜீப் ஆளைப் பார்த்துத்தான் கிளம்பும். எதிர்ச் சரிவிலிருந்து ஒரு குரல் கேட்டால் போதும், உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுக்காமல் காத்திருப்பார்கள்.

நாங்கள் ஏறிய பெட்டியில் அந்த அக்காவும் இருந்தார். மணி ஒலித்தது. நகரும் படிக்கட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். அப்பா கையைக் கதவுக்கிடையில் நீட்டினார். இடித்த கதவு மறுபடி திறந்தது. அந்தப் பெண் ஏறி, காதில் மாட்டிய பாட்டோடு, அவரைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

நடைமேடைக் காவலர் ஓடிவந்தார். “கைய எடுங்க பெரியவரே! இது இன்னா ஷேர் ஆட்டோவா?”

“பொம்பளப்புள்ள ஓடியாருதுங்க. செத்த நின்னா இன்னா கொறஞ்சி பூடும்?”

பெட்டியே சிரித்தது. “யாரு கூட வந்தீங்க?” என்று காவலர் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார். அக்காவும் திரும்பினார்.

“எங்க எஸ்டேட்ல வேலை செய்றவரு,” என்றேன். “ஊர் பாக்க வந்திருக்காரு.”

அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு காவலரிடம், “ஆமாங்க, வேல செய்றவந்தான். தெரியாம வெச்சிட்டேன்,” என்றார்.

அதன்பின் அவர் இங்கே வரவேயில்லை. கூப்பிட்டால், “காட்டுல வேல கெடக்குது பாப்பா,” என்பார். குரலில் கோபம் இருக்காது. இருந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

அன்று கதவு மூடி ரயில் கிளம்பியது. என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அவர் உட்காரவில்லை. சிவந்த கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி, கம்பியைப் பிடித்து நின்றார். இரண்டு நிலையங்கள் போயின. பிறகு அக்காவுக்கும் கேட்கும்படி, பணிவாகக் கேட்டார்:

“எந்த டேசன்ல எறங்கணுங்கம்மா?”

“அடுத்தது,” என்றேன், ‘ப்பா’ சேர்க்காமல்.