பால் வற்றும் வரை

போரால் இடம்பெயர்ந்து துணுக்காயில் நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில், எங்கள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு தாய் இருந்தார். கண்கள் குழிந்த, மெலிந்த பெண். கைக்குழந்தை சிணுங்க முன்னமே எழும்பிப் பால் கொடுத்துவிடுவார். மலேரியாவில் குழந்தை இறந்த பிறகும் அதே நேரங்களுக்கு எழும்பி, நனைந்த சட்டையோடு சுவரில் சாய்ந்திருந்தார்.

“கொஞ்சம் படுங்கோ அக்கா” என்றேன்.

“படுத்தாலும் பால் கட்டி எழுப்புது. வத்தினால் நித்திரை வருமெண்டு மருத்துவிச்சி சொன்னவா.”

“கெதியா வத்திடும் அக்கா, நாளாகாது.”

“வத்த வேண்டாம் தங்கச்சி. அவன்ரை எண்டு என்னட்டை இருக்கிறது இது மட்டும்தான்.”

சில கிழமைகளின் பின், ஒரு மத்தியானம், நிவாரண அரிசி வந்ததென்று எல்லோரும் ஓடினார்கள். அந்தச் சத்தத்திலும் அவர் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பால் வற்றிவிட்டது என்று விளங்கியது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.